ஒரே தெரு, ஒரே வீடு... சான்றிதழில் மட்டும் மூன்று மாவட்டம்! குடும்ப விசா, கிரீன் கார்டு, பி.ஆர். விண்ணப்பிக்கும் முன் என்னவெல்லாம் பார்க்கணும்?

உடையார்பாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா பிறந்தது 1968. அவருடைய பள்ளி டி.சி.யில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்று இருக்கிறது. பெரிய பொண்ணு 1997, பெரம்பலூர் மாவட்டம். அடுத்தவள் 2001, அரியலூர் மாவட்டம். பையன் 2004, மறுபடியும் பெரம்பலூர். கடைக்குட்டி 2009, திரும்பவும் அரியலூர். அந்த வீடு ஒரு அடிகூட நகரவில்லை. மாவட்டம்தான் நகர்ந்துகொண்டே இருந்தது.

1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் அரியலூரை மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பரில் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது. உள்ளூரில் இது யாருக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தப் பெரிய பொண்ணு கல்யாணமாகி அமெரிக்கா போய், குடியுரிமையும் வாங்கி, அப்பா அம்மாவைக் கூப்பிட நினைக்கும் நாளில்தான் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு பேச்சு ஓடும்.

"அப்பா, உங்க பர்த் சர்டிபிகேட்டை போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா."

"அதெல்லாம் அந்தக் காலத்துல யாரும்மா வாங்குனா? டி.சி. இருக்கு, அனுப்பவா?"

"அதுல இருக்கிற பிறந்த தேதியும் பாஸ்போர்ட்ல இருக்கிறதும் வேற வேறயா இருக்கேப்பா..."

வெளிநாட்டுக் குடும்ப விசா என்றதும் நம் ஆட்கள் முதலில் தேடுவது ஏஜென்ட்டை. ஆனால் விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் நம் வீட்டு பீரோவுக்குள் இருக்கும் தாள்கள்தான். இன்னொன்று, யார் யாரைக் கூப்பிட முடியும் என்ற கணக்கு. இந்த இரண்டும் தெரிந்தால் பாதி அலைச்சல் குறையும்.

யார் யாரைக் கூப்பிடலாம்?

அமெரிக்காவிலிருந்தே ஆரம்பிப்போம். விதிகள் அதிகம், தப்பு நடக்க வாய்ப்பும் அதிகம்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் தன் கணவன் அல்லது மனைவியை, 21 வயதுக்குட்பட்ட கல்யாணமாகாத பிள்ளைகளைக் கூப்பிடலாம். அவருக்கே 21 வயது முடிந்திருந்தால் அப்பா, அம்மாவையும் கூப்பிடலாம். இந்தப் பிரிவுக்கு வருடாந்திர உச்சவரம்பு கிடையாது. வரிசை இல்லை, பரிசீலனைக்கு ஆகும் நேரம் மட்டும்தான்.

கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர், அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்று இன்னும் குடியுரிமை வாங்காதவர், கணவன் அல்லது மனைவியையும் கல்யாணமாகாத பிள்ளைகளையும் மட்டுமே கூப்பிட முடியும். அப்பா, அம்மாவைக் கூப்பிட முடியாது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கையையும் முடியாது. "என் பையன் கிரீன் கார்டு வாங்கிட்டான், அடுத்து நாங்கதான்" என்று சொல்லும் பெற்றோர் நிறையப் பேர். பையன் குடியுரிமை வாங்கும் வரை அது நடக்காது. கிரீன் கார்டு வாங்கி பொதுவாக 5 ஆண்டு கழித்துத்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும்.

ஹெச்-1பி விசாவில் இருப்பவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் ஹெச்-4, அவருடைய வேலையோடு ஒட்டிய தற்காலிக விசா. அதை வைத்துக்கொண்டு பெற்றோருக்கு மனு போட முடியாது.

அதிகம் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நம்ம பெரிய பொண்ணு அப்பா, அம்மாவுக்கு மனு போடுகிறாள். இருவருக்கும் விசா கிடைக்கிறது. கடைக்குட்டி 2009-ல் பிறந்தவன், இன்னும் மைனர். அவன் அப்பா அம்மாவோடு சேர்ந்து போக முடியுமா? முடியாது. பெற்றோர் பிரிவில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மனு. பிள்ளைகள் 'கூடவே' வர வழியில்லை. அப்பா அமெரிக்கா போய்க் கிரீன் கார்டு வாங்கிய பிறகு தன் பையனுக்குத் தனியாக மனு போட வேண்டும். அது வரிசையில் நிற்கும். அதுவரை அந்தப் பையன் தாத்தா பாட்டி வீட்டிலோ ஹாஸ்டலிலோ இருக்க வேண்டும். டிக்கெட் போடும் முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

அக்கா போட்ட மனு, 18 வருஷ வரிசை

உடன்பிறந்தவர்களுக்கான பிரிவை எஃப்-4 என்பார்கள். குடியுரிமை பெற்ற, 21 வயது நிரம்பிய அக்கா தன் தம்பிக்கு மனு போடலாம். தம்பியோடு அவர் மனைவியும் 21 வயதுக்குட்பட்ட கல்யாணமாகாத பிள்ளைகளும் வரலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் உலகம் முழுமைக்கும் சேர்த்து இந்தப் பிரிவுக்கு ஆண்டுக்கு 65,000 இடங்கள்தான். அதோடு எந்த ஒரு நாட்டுக்கும் மொத்த ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவிலிருந்து மனுக்கள் குவிவதால் வரிசை நீண்டுவிட்டது. அமெரிக்க வெளியுறவுத் துறை ஒவ்வொரு மாதமும் 'விசா புல்லட்டின்' என்று ஒன்று வெளியிடும். 2025-ல் வந்த புல்லட்டின்களில் இந்தியாவின் எஃப்-4 வரிசை 2006-ல் மனு போட்டவர்களிடம்தான் நின்றது. 18 ஆண்டுக்கு மேல். மனு போட்டபோது கைக்குழந்தையாக இருந்தவன், முறை வரும்போது ஓட்டுப் போடும் வயதில் இருப்பான்.

அப்போ 21 வயது தாண்டிய பிள்ளை விட்டுப்போய்விடுமா? இதற்கு 2002-ல் ஒரு சட்டம் வந்தது. பிள்ளையின் வயதிலிருந்து, மனு பரிசீலனையில் கிடந்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அக்கா 2006 தொடக்கத்தில் மனு போட்டார். தம்பியின் முறை வரும்போது அவர் மகனுக்கு 23 வயது. மனுவை ஏற்க அமெரிக்க குடிவரவுத் துறை 4 ஆண்டு எடுத்திருந்தால் 23-ல் 4 போக 19. பையன் தப்பித்தான். ஒரே ஆண்டில் ஏற்றிருந்தால் 22. பையனுக்கு விசா இல்லை. ஆமாம், சரியாகத்தான் படிக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அரசு அலுவலகம் எவ்வளவு மெதுவாக வேலை பார்த்ததோ அவ்வளவுக்கு நமக்கு நல்லது!

கழிப்பது மனு போட்ட நாளுக்கும் ஏற்ற நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை மட்டும்தான். ஏற்ற பிறகு வரிசையில் நின்ற காலத்தைக் கழிக்க முடியாது. முறை வந்த ஒரு வருடத்துக்குள் அந்தப் பிள்ளைக்கான விண்ணப்ப வேலையையும் தொடங்கிவிட வேண்டும்.

கல்யாணத் தேதி குறிக்கும் முன் ஒரு நிமிஷம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கிரீன் கார்டு வைத்திருக்கும் அப்பா, ஊரில் இருக்கும் 21 வயது தாண்டிய மகளுக்கு மனு போட்டிருக்கிறார். வரிசை பல வருடம். இதற்கிடையில் நல்ல வரன் வருகிறது. ஜாதகம் பொருந்துகிறது. தை மாதம் முகூர்த்தம். கல்யாணம் நடந்த அந்த நிமிடத்திலேயே மனு செத்துவிடும். காரணம், கிரீன் கார்டு வைத்திருப்பவர் கல்யாணமான பிள்ளைக்கு மனு போட சட்டத்தில் இடமே இல்லை. பிறகு அப்பா குடியுரிமை வாங்கினாலும் செத்த மனு உயிர்க்காது. புது மனு, புது வரிசை, அதுவும் இன்னும் நீளமான வரிசை.

அதுவே அப்பா முதலில் குடியுரிமை வாங்கி, அதன்பிறகு மகளுக்குக் கல்யாணம் என்றால் மனு சாகாது. கல்யாணமான பிள்ளைகளுக்கான பிரிவுக்கு மாறும். பழைய தேதியும் காப்பாற்றப்படும். காத்திருப்பு கூடும், ஆனால் சேர்த்து வைத்த வருடங்கள் வீணாகாது. அப்பாவின் குடியுரிமைப் பிரமாண நாளும் மகளின் முகூர்த்த நாளும் எது முன், எது பின் என்பதில் பத்து வருடம் போய்விடலாம்.

சில வீடுகளில் இன்னொரு வேலை செய்வார்கள். கல்யாணத்தை முடித்துவிட்டு, பதிவு செய்யாமல், விசா வந்த பிறகு சொல்லிக்கலாம் என்று இருப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். கோயிலில் தாலி கட்டினாலும் அது கல்யாணம்தான். மறைத்து விசா வாங்கியது பிறகு தெரிந்தால் கிரீன் கார்டு போகும், குடியுரிமைகூடப் போகும். உண்மையை மறைத்தார் என்ற முத்திரை விழுந்தால் மறுபடி நுழையவே தடை வரும்.

புதுப்பொண்ணு கவனிக்க வேண்டியது

கல்யாணமாகி 2 ஆண்டு ஆவதற்குள் அமெரிக்காவுக்குள் நுழையும் மனைவிக்குக் கிடைப்பது நிபந்தனை கிரீன் கார்டு. ஆயுள் 2 ஆண்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 என்ற மனுவைப் போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும்.

'சேர்ந்து' என்ற வார்த்தைதான் இங்கே கத்தி. வீட்டில் அடி, உதை, மிரட்டல் என்றால், "நான் கையெழுத்து போடலைன்னா நீ ஊருக்குத்தான் போகணும்" என்று கணவன் சொல்ல முடியும். அது பொய். கொடுமை நடந்தாலோ, விவாகரத்து ஆனாலோ, கல்யாணம் உண்மையானதுதான் என்று காட்டி மனைவி தனியாகவே மனு போட சட்டத்தில் வழி இருக்கிறது. கணவனின் கையெழுத்து தேவையில்லை. மகளை அனுப்பும் பெற்றோருக்கு இந்த ஒரு வரி தெரிந்திருக்க வேண்டும். மகளிடம் அவளுடைய பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ், கிரீன் கார்டு எல்லாவற்றின் நகலும் தனி மின்னஞ்சலில் இருக்கட்டும். ஒரு செட் ஊரிலும் இருக்கட்டும்.

நிச்சயித்த கல்யாணம் என்பதாலேயே தூதரகத்தில் சந்தேகப்பட மாட்டார்கள். பெண் பார்த்து இருபது நாளில் கல்யாணம் முடித்து மாப்பிள்ளை விமானம் ஏறுவது அவர்களுக்குப் புதிது இல்லை. ஆனால் ஆதாரம் கேட்பார்கள். இரண்டு குடும்பமும் இருக்கும் படங்கள், பத்திரிகை, மண்டப ரசீது, மாப்பிள்ளை வந்துபோன டிக்கெட், கல்யாணத்துக்குப் பிறகு பேசிக்கொண்டதன் பதிவு. ஸ்டுடியோ ஆல்பத்தில் இருவர் மட்டும் நிற்கும் படங்களைவிட, பந்தியில் அத்தை மாமாவோடு உட்கார்ந்திருக்கும் மங்கலான செல்போன் படத்துக்கு மதிப்பு அதிகம்.

இப்போ பீரோவைத் திறங்க

முதலில் நல்ல செய்தி. மாவட்டம் மாறியதால் மட்டும் யாருக்கும் விசா மறுக்க மாட்டார்கள். அமெரிக்க குடியேற்ற விசாவுக்கான டிஎஸ்-260 படிவம் கேட்பது பிறந்த ஊர், மாநிலம், நாடு. சிக்கல் வருவது ஊர்ப் பெயரில்.

எப்படி? நம் பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்டில். பிறந்தது விருத்தாசலத்திலோ கும்பகோணத்திலோ ஓர் ஆஸ்பத்திரியாக இருக்கும். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ஆனால் பாஸ்போர்ட் எடுக்கும்போது, சொந்த ஊர் என்ற பாசத்தில், 'பிறந்த இடம்: உடையார்பாளையம்' என்று எழுதிவிடுவோம். இரண்டும் முட்டும். பாஸ்போர்ட்டை மறு வெளியீடு செய்யும்போது பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி மாற்றிக்கொள்வது நல்லது. நம் பகுதிக்கு திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகம்தான்.

அடுத்தது பிறந்த தேதி. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப்பாருங்கள், பாதிப் பேருக்கு மே அல்லது ஜூனில்தான் பிறந்தநாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அஞ்சு வயசு முடியணும் என்பதற்காக ஹெட்மாஸ்டர் வைத்த பிறந்தநாள் அது. உண்மையான பிறப்புப் பதிவு வேறு தேதியில் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். மனு போடும் முன் எந்தத் தேதி பாஸ்போர்ட்டில் இருக்கிறதோ, அதை எந்த ஆவணம் தாங்குகிறது என்று பார்த்துவிடுங்கள். ஆதார் அட்டை பிறந்த தேதிக்கான சான்றாக இங்கே உதவாது.

பிறப்புப் பதிவே இல்லை என்றால்? பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் இயற்றப்பட்டு 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்த பலருக்குப் பதிவு கிடைக்காது என்பது அமெரிக்கத் தூதரகத்துக்கும் தெரியும். முதலில் தேட வேண்டும். பேரூராட்சி அலுவலகம், கிராமம் என்றால் வி.ஏ.ஓ., பழைய பதிவேடு என்றால் வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் என்று ஏறி இறங்க வேண்டியிருக்கும். 1980-க்கு முந்தையது என்றால் அது கிராம முன்சீப் காலம், கையெழுத்தைப் படிக்கவே தனிப் பொறுமை வேண்டும். தேடியும் இல்லை என்றால் 'பதிவு இல்லை' என்று ஒரு சான்று வாங்குங்கள். அதோடு பள்ளிச் சான்றிதழும், பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினர்களின் பிரமாணப் பத்திரமும் வைக்க வேண்டும். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஆனால் வேறு எப்படிச் சொல்வது?

இப்போது புதிதாகப் பதிவு செய்யலாமே என்று கேட்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் தாமதமான பிறப்பைப் பதிய கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். உடையார்பாளையத்திலேயே கோட்டாட்சியர் இருப்பதால் அரியலூர் வரை போக வேண்டியதில்லை. ஆனால் ஐம்பது வருடம் கழித்துப் பதிந்த சான்றிதழை மட்டும் வைத்தால் தூதரகத்தில் கேள்வி வரும். பழைய பள்ளி ஆவணத்தையும் கூடவே வையுங்கள்.

கல்யாணப் பதிவும் அப்படித்தான். 2009-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. மண்டபம் இருக்கும் ஊரில்தான் பதியணும் என்று இல்லை, மாப்பிள்ளை அல்லது பொண்ணு குடியிருக்கும் பகுதி சார்பதிவாளரிடமும் பதியலாம். அப்பா, அம்மாவுக்கு 1990-களில் நடந்த கல்யாணம் பதிவாகாமல் இருந்தால், மனு போடும் மகளிடம் கேட்பது அவளுடைய பிறப்புச் சான்றிதழைத்தான். அம்மாவுக்கு மனு என்றால் அதில் அம்மா பெயர் சரியாக இருந்தால் போதும். அப்பாவுக்கு மனு என்றால் பெற்றோரின் கல்யாணத்துக்கும் ஆதாரம் கேட்பார்கள்.

இனிஷியல் என்னும் தலைவலி

தமிழனுக்கு குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் நமக்கு முன்னால் நிற்கும். நமக்கு அது பெருமை. வெளிநாட்டுக் கம்ப்யூட்டருக்கு அது காலிக் கட்டம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, சொந்தப் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று போட்டுவிடுவார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அர்த்தம். அங்கே வங்கி, ஓட்டுநர் உரிமம், பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் அது தொடரும். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகக் காட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இதை எழுதுபவனின் பாஸ்போர்ட்டிலும் அந்தக் கட்டம் இன்னும் காலிதான், ஊருக்கு உபதேசம்!

மனைவியின் இனிஷியல் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயருக்கு மாறுவது இன்னொரு சிக்கல். ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல், டி.சி.யில் அப்பா இனிஷியல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். எழுத்துப்பிழை சிறியதென்றால் பதிவு செய்த அலுவலகத்திலேயே திருத்தலாம். பெயரே மாறியிருந்தால் அரசிதழில் வெளியிட்டுக்கொள்ள வேண்டும். தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், 'இது சரியான மொழிபெயர்ப்பு, எனக்கு இரு மொழியும் தெரியும்' என்ற மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தும் தேவை.

சிங்கப்பூர் கணக்கே வேற

ஜெயங்கொண்டம் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். அங்கிருந்து ராஜேந்திரன் கடாரம் வரை படை அனுப்பி ஆயிரம் வருடம் ஆகிறது. இன்று அதே திசையில் நம் ஊர்ப் பையன்கள் கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போகிறார்கள். வீட்டில் கேட்கும் முதல் கேள்வி: "பி.ஆர். எப்போ வரும்?"

ஒர்க் பெர்மிட்டில் போனவர் பி.ஆர்.-க்கு விண்ணப்பிக்கவே முடியாது. மனைவி, பிள்ளைகளை அங்கே குடிவைக்கவும் முடியாது. எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் இதுதான். 'பி.ஆர். வாங்கித் தர்றேன்' என்று ஒர்க் பெர்மிட் தொழிலாளியிடம் யாராவது பணம் கேட்டால் மேலே பேசவே வேண்டாம்.

எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். இவர்களும் குடும்பத்தைக் கூட்டிப்போக மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும். பெற்றோரை நீண்ட நாள் தங்க வைக்க 12,000 டாலர். எஸ் பாஸின் குறைந்தபட்சச் சம்பளமே இதில் பாதியைச் சுற்றித்தான், அதனால் எஸ் பாஸ் கிடைத்ததும் குடும்பம் போய்விடலாம் என்பது தப்புக் கணக்கு.

ஒர்க் பெர்மிட் தொழிலாளி சிங்கப்பூர்க் குடியுரிமை அல்லது பி.ஆர். உள்ள பெண்ணைக் கல்யாணம் செய்வதாக இருந்தால், முதலில் அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். கல்யாணம் உடையார்பாளையத்தில் நடந்தாலும் சரி, பெர்மிட் முடிந்து ஊர் திரும்பிய பிறகு நடந்தாலும் சரி, அனுமதி தேவை. இது தெரியாமல் ஊரில் தாலி கட்டிவிட்டு, பிறகு மனைவி இருக்கும் நாட்டுக்குள்ளேயே போக முடியாமல் தவிக்க நேரிடும்.

குடும்ப வழியில் பி.ஆர். கேட்கக்கூடியவர்கள், குடியுரிமை அல்லது பி.ஆர். உள்ளவரின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட கல்யாணமாகாத பிள்ளைகள். குடியுரிமை உள்ளவரின் வயதான பெற்றோரும் கேட்கலாம். கேட்கலாம் என்பதுதான், கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆண் பிள்ளைக்கு பெற்றோர் மூலம் பி.ஆர். வாங்கினால் அவன் 2 ஆண்டு தேசிய சேவை செய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் பி.ஆர்.-ஐத் துறந்தால், பின்னாளில் அவன் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது பாதிக்கும். எட்டு வயதுப் பையனுக்கு விண்ணப்பம் போடும்போது பதினெட்டு வயதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வளைகுடாவில் குடும்ப விசா என்பது வேலை இருக்கும் வரைதான். ஐக்கிய அரபு அமீரகத்தில் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தைக் கூப்பிடலாம். சவூதியில் குடும்பத்தில் ஒரு ஆளுக்கு மாதம் 400 ரியால் கட்ட வேண்டும், மனைவி, இரண்டு பிள்ளை என்றால் மாதம் 1,200. பிரிட்டனில் துணையைக் கூப்பிட ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு என்று 2024 ஏப்ரலில் உயர்த்தினார்கள். கனடாவில் பெற்றோருக்கு பி.ஆர். கிடைப்பது குதிரைக்கொம்பு, ஆனால் ஒருமுறை போனால் 5 ஆண்டு வரை தங்கக்கூடிய சூப்பர் விசா இருக்கிறது.

அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு அவசியம்தானா?

எல்லோருக்கும் அவசியம் இல்லை என்பதே என் கருத்து. கிரீன் கார்டு என்பது அங்கே குடியிருப்பதற்கான உரிமை. வாங்கிவிட்டு, பனி தாங்கலை என்று ஊருக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் அது கையை விட்டுப் போகும். ஆறு மாதம் தாண்டினாலே விமான நிலையத்தில் கேள்வி கேட்பார்கள். நெசவும், முந்திரித் தோப்பும், கோயில் திருவிழாவும் விட்டுவர மனசில்லாத பெற்றோருக்கு, பேரப்பிள்ளையைப் பார்த்துவர விசிட் விசாவே போதும். ஆனால் வரிசை முக்கியம். கிரீன் கார்டு மனு போட்டுவிட்டு விசிட் விசா கேட்டால், 'இவர்கள் திரும்ப மாட்டார்கள்' என்று மறுக்க வாய்ப்பு அதிகம். எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறோம். ஐ-130 மனுவுக்கு 2024 ஏப்ரல் முதல் ஆன்லைனில் 625 டாலர், தாளில் 675 டாலர். பிறகு விசா கட்டணம் ஆளுக்கு 325 டாலர், வருமான உறுதிப் பத்திரப் பரிசீலனைக்கு 120 டாலர். மருத்துவப் பரிசோதனை தனி. கூப்பிடுபவரின் வருமானம் அமெரிக்க வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். இன்டர்வியூ சென்னையில் இருக்காது, மும்பைக்குப் போகத் தயாராக இருங்கள். 16 வயதுக்கு மேற்பட்டவருக்கு காவல்துறை நன்னடத்தைச் சான்று தேவை. அப்பா பழைய காலத்தில் குவைத்திலோ சவூதியிலோ ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டிலிருந்தும் கேட்பார்கள். அந்தப் பழைய பாஸ்போர்ட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. மனு ஏற்கப்பட்ட பிறகு கோப்பு அமெரிக்காவின் தேசிய விசா மையத்துக்குப் போய் அங்கேதான் காத்திருக்கும். முறை வந்ததும் மின்னஞ்சல் வரும். ஒரு வருடம் வரை பதிலே இல்லை என்றால் மனுவையே ரத்து செய்ய சட்டம் இருக்கிறது. 2006-ல் அக்கா கொடுத்த மின்னஞ்சல் முகவரி இன்று உயிரோடு இருக்கிறதா, கடவுச்சொல் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். முகவரி மாறியிருந்தால் மனு எண்ணைக் குறிப்பிட்டு அந்த மையத்துக்குத் தெரிவிக்கலாம். இதற்கு ஏஜென்ட் தேவையில்லை, அக்காவுக்கு ஒரு போன் போதும்.